ஆற்றில் கலர் இல்லை, சரி. உப்பு?

கேள்வி, 29 அக்டோபர் 2023, ஞாயிறு

வருஷா வருஷம் தீபாவளி வந்தால் போதும், யாராவது ஒருவர் சாயப்பட்டறை, நொய்யல் ஆறு என்று ஆரம்பித்து விடுகிறீர்கள். பத்துப் பன்னிரண்டு வருடமாகப் பட்டறைகள் ஒரு சொட்டுக் கழிவுகூட வெளியே விடக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. நானே போன மாதம் திருப்பூர் போய் வந்தேன், ஆற்றில் கலர் எதுவும் ஓடவில்லை. நாலு பேர் நாலு செட் துணி எடுத்தால்தான் அந்த ஊருக்குச் சோறு. நாகரிகம் வளரும்போது ஆறு கொஞ்சம் கெடும், கையில் காசு வந்ததும் சரி செய்து கொள்வோம். எல்லா நாட்டிலும் அப்படித்தானே நடந்தது? துணி வாங்குவதில் என்ன தப்பு, யாராவது சொல்லுங்கள்.

29 அக்டோபர், இரவு 10.40

கலர் ஓடவில்லை என்று நீங்கள் எழுதியது சரி. நானும் பல வருடம் கலரை வைத்துத்தான் ஆற்றை எடை போட்டேன். என் அம்மா பிறந்த ஊர், நொய்யலில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே. 2002 முதல் 2013 வரை நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர், அதாவது வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிப்பவன். ஆற்றைக் கெடுத்த வேலையில் என் பங்கு உண்டு, கெட்ட தண்ணீரைக் குடித்த வீட்டிலும் என் பங்கு உண்டு. அதனால் எழுதுகிறேன்.

சாயக்கழிவில் கண்ணுக்குத் தெரிவது கலர். மண்ணைக் கொல்வது உப்பு.

பருத்தித் துணியைத் தண்ணீரில் நனைத்தால் அதன் மேல் லேசாக எதிர்மின் தன்மை வரும். சாயத்துக்கும் அதே எதிர்மின். இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். தொட்டியில் உப்பைக் கொட்டினால் அந்தத் தள்ளல் குறைந்து சாயம் நூலுக்குள் இறங்கும். அப்புறம் சலவைச் சோடா போட்டு அதை அங்கேயே பிடிக்க வைப்பார்கள். வேலை முடிந்ததும் உப்பு துணியில் தங்காது. கொட்டியது அத்தனையும் தண்ணீரோடு வெளியே வந்துவிடும். கறுப்பு, கருநீலம் போன்ற அடர்ந்த நிறமாக இருந்தால் ஒரு கிலோ துணிக்கு அரைக் கிலோ உப்பு என்பது சாதாரணம். துணியை உருளையில் சுற்றிச் சுற்றித் தொட்டியில் முக்கும் பழைய விஞ்ச் மெஷினாக இருந்தால் இன்னும் அதிகம்.

ஆரம்ப காலச் சுத்திகரிப்பில் என்ன செய்தார்கள்? கழிவில் சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்பேட்டும் போட்டுக் கலக்கினார்கள். கலர் திரண்டு அடியில் படிந்தது. மேலே தெளிந்த தண்ணீர். ஒரு கிளாஸில் பிடித்து வெளிச்சத்தில் காட்டினால் யாரும் குறை சொல்ல முடியாது. உப்பு மட்டும் அப்படியே அதில் கரைந்து இருந்தது. அந்தத் தண்ணீர்தான் வருடக் கணக்கில் ஆற்றுக்குப் போனது.

ஆறு தெளிவாக இருந்தது என்று நீங்கள் சொல்லும்போது எனக்கு அந்த கிளாஸ்தான் ஞாபகம் வருகிறது.

30 அக்டோபர், காலை

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். இன்றைக்கும் எல்லாப் பட்டறைகளும் உப்புத் தண்ணீரை ஆற்றில் விடுவது போன்ற தோற்றம் வருகிறது. அது நியாயம் இல்லை, திருத்துகிறேன்.

கீழ்ப்பகுதி விவசாயிகள் தொண்ணூறுகளிலேயே நீதிமன்றம் போனார்கள். 2006 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், ஒரு சொட்டும் வெளியே விடாத பூஜ்யக் கழிவு நிலைக்கு வரும்வரை வெளியே விடும் ஒவ்வொரு லிட்டருக்கும் அபராதம் கட்டச் சொன்னது. 2007 ஜனவரியிலிருந்து லிட்டருக்கு 6 பைசா, அப்புறம் 8 பைசா, அப்புறம் 10 பைசா. 2009 அக்டோபரில் உச்சநீதிமன்றமும் விவசாயிகள் பக்கம் நின்று, மூன்று மாதத்தில் முடியுங்கள் என்றது. அப்போதும் முடியவில்லை. 2011 ஜனவரி 28ஆம் தேதி உயர்நீதிமன்றம் எல்லாச் சாயப்பட்டறைகளையும் மூடச் சொல்லிவிட்டது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன.

அதற்கு அப்புறம்தான் உண்மையான வேலை நடந்தது. கழிவை, உப்பைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விடும் ஆர்.ஓ. சவ்வு வழியாக அழுத்தி நல்ல தண்ணீரைப் பிரித்து மறுபடியும் சாயத்துக்கே எடுத்துக் கொள்கிறார்கள். மிச்சம் நிற்கும் உப்புக் கரைசலை எவாப்பரேட்டரில் காய்ச்சி உப்பையும் திரும்ப எடுக்கிறார்கள். உப்புக் கரைசலை அப்படியே அடுத்த சாயத்துக்குப் பயன்படுத்தவும் செய்கிறார்கள். இந்தியாவில் வேறு எந்த ஜவுளி ஊரும் இதை இந்த அளவில் செய்வதற்கு முன் திருப்பூர் செய்தது. இதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்கவில்லை.

ஆனால் இது "காசு வந்ததும் சரி செய்து கொண்ட" கதையா? காசு 1980களிலேயே வந்துவிட்டது. எழுபதுகளின் முடிவில் இத்தாலிக்காரர்கள் வெள்ளைப் பனியன் தேடி வந்தார்கள். பத்து வருடத்தில் கலர் டி-ஷர்ட் ஊரையே தூக்கி நிறுத்தியது. ஒரு பனியனுக்கு 200 லிட்டர் தண்ணீர் செலவழித்த காலம் அது. சுத்திகரிப்பு முழுசாக வந்தது பூட்டுப் போட்ட பிறகு. காசு வந்ததற்கும் ஆறு தப்பித்ததற்கும் நடுவில் முப்பது வருடம். அந்த முப்பது வருட உப்பு எங்கே போனது என்பதுதான் என் பேச்சு.

1 நவம்பர்

அந்த முப்பது வருட உப்பு எங்கே போனது என்று எனக்கு ஓரளவு தெரியும். என் அப்புச்சியின், அதாவது அம்மாவின் அப்பாவின், கிணற்றுக்குள் போனது.

ஒரத்துப்பாளையம் அணை 1992ல் திறந்தார்கள். எனக்கு அப்போது பதினொரு வயது. அப்புச்சி என்னை சைக்கிள் கேரியரில் உட்கார வைத்துக் கூட்டிப் போனார். வெள்ளிங்கிரி மலையில் பிறந்து காவிரிக்குப் போகிற ஆறு இனி நம்ம பக்கமும் நின்று போகும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். வாய்க்கால் தண்ணீர் வந்தால் மஞ்சள் போடலாம், கரும்பு போடலாம் என்று கணக்கு. அவ்வளவு சந்தோஷமாக அவரை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

நாலைந்து வருடத்தில் அந்த அணை சாயக்கழிவு நிற்கும் குட்டையாகிவிட்டது. மழை பெய்யாத மாதங்களில் நொய்யலில் வந்தது எல்லாம் பட்டறைத் தண்ணீரும் ஊர்ச் சாக்கடையும்தான். உலகத்தில் எங்காவது பாசனத்துக்குக் கட்டிய அணையின் தண்ணீரைத் திறந்துவிடாதே என்று விவசாயிகள் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டிருப்பார்களா? எங்கள் ஆட்கள் கேட்டார்கள். அணைக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் தேக்கி வைக்காதே, ஊறி ஊறி எங்கள் கிணறு போகிறது என்றார்கள். கீழே கரூர்ப் பக்கம் இருந்தவர்கள் திறக்காதே, எங்கள் வயல் போகிறது என்றார்கள். இரண்டு பேர் சொன்னதும் சரி.

அப்போது எங்கள் ஊரில் ஒரு பேச்சு உண்டு. இந்த வருஷம் வெளிநாட்டுக்காரன் என்ன கலர் போடுகிறான் என்று நம்ம ஆத்தைப் பார்த்தால் தெரியும் என்பார்கள். டீக்கடையில் சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்தவர்கள் கிணற்றில் எல்லாம் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது.

ஒருநாள் அப்புச்சி மோட்டாரைப் போட்டு, தொட்டியில் விழுந்த தண்ணீரைக் கையில் ஏந்திக் காட்டினார். "கண்ணு, எத்தன தெளிவா இருக்குது பாரு. ஒரு வாய் குடிச்சுப் பாரு." குடித்தேன். நாக்கில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. விழுங்கிய பிறகு தொண்டையில் ஒரு கசப்பு நின்றது, கடல் உப்பு மாதிரிகூட இல்லை, மருந்து கலந்த உப்பு. மாடு வந்து தொட்டியில் வாயை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டது.

அமுச்சி, அம்மாவின் அம்மா, இதையெல்லாம் பெரிய வார்த்தையில் சொல்லவில்லை. "பருப்பு வேகுல சாமி" என்றார். இரண்டு மணி நேரம் அடுப்பில் இருந்தாலும் துவரம்பருப்பு முழுசு முழுசாக நிற்கும். சோப்பு நுரைக்காது. சோற்றுக்கு மட்டும் தூரத்துப் பொதுக்குழாயிலிருந்து இரண்டு குடம் வரும். அதைத் தொட எங்களுக்கு அனுமதி இல்லை.

அப்புறம் வயல். கோடையில் பாத்தி காய்ந்ததும் மண் மேல் வெள்ளையாகப் பூக்கும். விரலால் சுரண்டினால் மாவு மாதிரி வரும். அடுத்த தண்ணீர் பாய்ச்சினால் கரைந்து உள்ளே போகும். காய்ந்தால் மறுபடி மேலே வரும். ஒவ்வொரு தண்ணீருக்கும் கொஞ்சம் கூடும். மஞ்சள் முதலில் போனது. நெல் அதற்கு அப்புறம். தென்னை மட்டும் நின்றது, காய் சிறுத்துப் போய்.

1 நவம்பர், சற்று நேரம் கழித்து

இதைப் படித்துவிட்டு ஒருவர், நஷ்டஈடு கொடுத்தார்களே என்று கேட்டிருக்கிறார். கொடுத்தார்கள். அதற்கென்று ஆணையமே அமைத்துக் கணக்கெடுத்துக் கொடுத்தார்கள். வருமான இழப்புக்கு ஒரு தொகை வந்தது. மண்ணுக்கு யாரும் எதுவும் கொடுக்க முடியாது, அது பணம் வாங்கிக்கொண்டு சரியாகிற பொருள் இல்லை.

4 நவம்பர், சனி

தறி வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் என் கணக்கைப் பிடித்துவிட்டார். நன்றி. ஒரு பனியனுக்கு 200 லிட்டர் என்று 30ஆம் தேதி எழுதியது தப்பு. அது ஒரு கிலோ துணிக்கு. ஒரு கிலோ துணியில் ஐந்தாறு பனியன் தைக்கலாம். ஆக ஒன்றுக்கு 35, 40 லிட்டர். அதுவும் பழைய விஞ்ச் மெஷின் காலத்தில். சாஃப்ட் ஃப்ளோ மெஷின் வந்த பிறகு பாதிக்கும் கீழே இறங்கியது.

கணக்கு குறைந்ததும் எனக்கே கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலோடு ராத்திரி படுத்தபோதுதான் 2007ல் நடந்த ஒன்று ஞாபகம் வந்தது.

கருநீல டி-ஷர்ட் ஆர்டர். மேற்கு ஐரோப்பாவில் ஒரு கடைக்காரருக்கு. துணி சாயம் முடிந்து வந்ததும் ஷேடு பார்க்கும் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தோம். இரண்டு லாட்டுக்கு நடுவில் ஒரு மயிரிழை வித்தியாசம். பகல் வெளிச்சத்தில் எனக்குத் தெரியவில்லை, கடை விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் லேசாகத் தெரிந்தது. வாங்குபவர் பக்கத்து ஆள் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்றார். நேரம் இல்லை. எல்லாவற்றையும் கறுப்பாக்கி வேறு ஆர்டருக்கு மாற்றலாம் என்று முடிவானது. அந்த ஃபைலில் கையெழுத்துப் போட்டது நான்.

ஒன்றரை டன் துணி. கிலோவுக்கு 80 லிட்டர் வைத்தாலும் 1,20,000 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் பத்து லாரி. உப்பு 750 கிலோ, ஐம்பது கிலோ மூட்டையில் பதினைந்து. ஒரே துணிக்கு இரண்டாவது தடவை. காரணம், ஒரு கடையில் இரண்டு டி-ஷர்ட் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும்போது ஒன்று மற்றதைவிட ஒரு நிழல் மங்கலாகத் தெரியக்கூடாது.

பட்டறைகளுக்குப் பல வருடம் தண்ணீர் லாரி எங்கிருந்து வந்தது தெரியுமா? சுற்றுவட்டார கிராமத்துக் கிணறுகளிலிருந்து. ஆற்றிலிருந்து தள்ளி நல்ல தண்ணீர் இருந்த கிணற்றுக்காரர்கள் விவசாயத்தை விட்டுவிட்டுத் தண்ணீரை விற்றார்கள். நல்ல தண்ணீர் லாரியில் பட்டறைக்குப் போகும். உப்பாகி ஆற்று வழியே எங்கள் ஊருக்கு வரும். காவிரித் தண்ணீரைக் குழாயில் திருப்பூருக்குக் கொண்டுவந்த பிறகுதான் லாரி குறைந்தது.

அந்த டி-ஷர்ட்டுக்கு ஒரு டேக் இருந்தது. பழுப்புக் காகிதம், சணல் நூல், ஓரத்தில் பச்சை இலை. இயற்கையை நேசிப்பவர்களுக்கு என்ற பொருளில் ஒரு வரி. அந்த டேக்குக்கு ஒப்புதல் வாங்க மூன்று தடவை மாதிரி அனுப்பினோம். இலையின் பச்சை சரியாக வரவில்லை என்று.

5 நவம்பர்

யார் அந்தக் கம்பெனி, யார் அந்தக் கடை என்று கேட்காதீர்கள். எழுத மாட்டேன். பெயர் சொன்னால் கோபம் அந்தப் பெயரோடு போய்விடும். அன்றைக்கு ஊரில் எந்தக் கம்பெனியில் இருந்திருந்தாலும் அதே ஃபைல்தான் என் மேஜைக்கு வந்திருக்கும்.

8 நவம்பர்

கேள்வி கேட்டவர் மறுபடி வந்து, பட்டறையை மூடியபோது சோறு இல்லாமல் போனவர்களைப் பற்றி ஏன் எழுதவில்லை என்கிறார். நியாயமான கேள்வி.

2011 பிப்ரவரி, மார்ச் மாதங்களை நான் மறக்கவில்லை. எங்கள் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் ஓடியது ஒரு ஷிப்ட் ஆனது, அப்புறம் வாரத்துக்கு மூன்று நாள். ஓவர்லாக் மெஷினில் ஓரம் தைக்கிற அக்கா ஒருவர், தேனிப் பக்கம், இரண்டு பிள்ளைகளோடு வந்து நாலு வருடமாக வாடகை வீட்டில் இருந்தவர். ஒரு சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு கேஸ் அடுப்பை மூட்டைக்குள் கட்டிக்கொண்டு பஸ் ஏறினார். "தண்ணி சரியாச்சுன்னா சொல்லி விடுங்க" என்றார். கம்பெனி எப்போது சரியாகும் என்று கேட்கவில்லை. அவருக்கும் எது கெட்டது என்று தெரியும்.

கோர்ட் செய்தது சரி என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்த முப்பது வருடச் செலவைக் கடைசியில் தாங்கியது யார் யார் என்று பாருங்கள். அப்புச்சியின் மண், அந்த அக்காவின் சம்பளம். பெர்லினிலோ சென்னையிலோ டி-ஷர்ட் வாங்கியவருக்கு விலைச்சீட்டில் ஒரு பைசா ஏறவில்லை. சுத்திகரிப்புச் செலவு சேர்த்து விலை கேட்டபோது எங்களுக்கு வந்த பதில், வங்கதேசத்தில் இதைவிடக் குறைவு என்பதுதான். ஒரு டி-ஷர்ட்டுக்கு மூன்று சென்ட் குறைக்க ராத்திரி பதினோரு மணிக்குப் போனில் பேரம் பேசியிருக்கிறேன். டாக்காவைச் சுற்றி ஓடும் ஆறுகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று அப்புறம் படித்தபோது அந்த மூன்று சென்ட் ஞாபகம் வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எவாப்பரேட்டரும் பாய்லரும் சும்மா ஓடாது. விறகு எரிகிறது, மின்சாரம் ஏராளமாகப் போகிறது. திரும்பப் பயன்படுத்த முடியாத கலப்பு உப்பும், வடிகட்டிய சேறும் மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் அடுக்கிக் கிடந்ததை நேரில் பார்த்தேன். ஆற்றுக்குப் போகாமல் மூட்டைக்குள் இருக்கிறது, அது பெரிய விஷயம். ஆனால் அது இல்லாமல் போய்விடவில்லை. நாம் துணி எடுக்கும் வேகத்தில் அந்த மூட்டையும் கூடும்.

13 நவம்பர், தீபாவளிக்கு மறுநாள்

உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லவில்லை என்று மூன்று பேர் எழுதிவிட்டார்கள். துணி வாங்குவதில் என்ன தப்பு?

நேற்று எங்கள் வீட்டிலும் புதுத்துணிதான். மகளுக்குப் பன்னிரண்டு வயது. கறுப்புச் சுடிதார்தான் வேண்டும் என்றாள். எடுத்துக் கொடுத்தேன். மஞ்சள் தடவி சாமி முன்னால் வைத்து அவள் போட்டுக்கொண்டு வந்து நின்றபோது அழகாக இருந்தாள். அதில் எனக்குத் தப்பு எதுவும் தெரியவில்லை. வருஷத்துக்கு ஒரு துணி, ஆசையாக எடுத்து, தேய்கிற வரை போடுகிற துணி. எங்கள் அம்மா காலத்தில் அப்படித்தான்.

அலமாரியில் அவளுடைய மற்ற துணிகளை ஒழித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு வேறு மாதிரி ஆனது. பதினேழு டி-ஷர்ட். மூன்றில் விலைச்சீட்டே கிழிக்கவில்லை. பிறந்த நாளுக்கு வந்தது, ஆஃபரில் இரண்டு எடுத்தால் ஒன்று என்று வந்தது, திருப்பூர் காதர்பேட்டை கடைகளில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ், அதாவது ஏற்றுமதியில் மிஞ்சியது என்று அள்ளிக்கொண்டு வந்தது. நான் அள்ளியதுதான். 80 ரூபாய்க்குக் கிடைக்கும்போது வேண்டுமா என்று யோசிக்கவே தோன்றாது. அந்த 80 ரூபாய் விலையில் எங்கள் கிணறு சேரவில்லை, அதனால்தான் அது 80 ரூபாய்.

அமுச்சியிடம் ஆறு சேலை இருந்தது. கிழிந்தால் முதலில் வீட்டுக்குள் கட்டிக்கொள்ள. அப்புறம் தூளி. நானும் என் தம்பியும் மாமன் பிள்ளைகளும் அதே சேலைத் தூளியில்தான் தூங்கினோம். அப்புறம் தலையணை உறை. அப்புறம் கரித்துணி, அடுப்பிலிருந்து சட்டி இறக்க. கடைசியில் வண்டி மையைத் துடைத்துவிட்டு எரிப்பார்கள். ஒரு சேலைக்குப் பதினைந்து வருடம் குறையாது. ஜரிகைச் சேலையாக இருந்தால் பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவர் வருவார், ஒரு எவர்சில்வர் டப்பாவுக்கு அரை மணி நேரம் பேரம் நடக்கும்.

நேற்று மகளின் பழைய டி-ஷர்ட் ஒன்றை வெட்டிக் கரித்துணியாக்கிப் பார்த்தேன். பாலியஸ்டர் கலப்பு. குழம்புச் சட்டியைப் பிடித்தால் சூடு தாங்கவில்லை, தீ பட்ட ஓரம் லேசாக உருகியது. தரையைத் துடைத்தால் தண்ணீரை இழுக்கவில்லை, தள்ளிக்கொண்டு போனது. வீட்டுக்குள் அதற்கு இரண்டாவது வேலை எதுவும் இல்லை. குப்பைக்குத்தான் போகும்.

அப்போது புரிந்தது. வாங்குவதில் இல்லை, வாங்கியதை ஒன்றுக்கும் ஆகாததாக்கி வைத்திருப்பதில் இருக்கிறது தப்பு. இந்த வரியை எழுதிவிட்டு யோசித்தால் இதுவும் முழுசாகச் சரியில்லை. இந்த அளவுக்கு வாங்கினால் ஒன்றுக்கும் ஆகாததைத்தான் செய்ய முடியும். இரண்டும் ஒன்றுதான்.

19 நவம்பர்

கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நாகரிகம் என்ற சொல்லைக் கேள்வி கேட்டவர் எடுத்ததால் வந்த யோசனை.

எங்கள் பக்கத்தில்தான் கொடுமணல் இருக்கிறது, நொய்யலின் வடகரையில். பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று பெயர் வருகிற ஊர். 1980களிலிருந்து பல தடவை தோண்டியிருக்கிறார்கள். இரும்பு உருக்கிய உலை, கல்மணி செய்த பட்டறை, தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள். பக்கத்தில் படியூரில் கிடைத்த நீலப்பச்சைக் கல் இங்கே மணியாகி ரோம் வரைக்கும் போனது என்கிறார்கள். அதாவது இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பும் இந்த ஆற்றங்கரை ஏற்றுமதி ஊர்தான். ரோமில் ஒரு பெண் கழுத்தில் போட்ட மணியை எங்கள் ஊர்க்காரர் ஒருவர் கையால் துளை போட்டிருக்கலாம்.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அங்கே குழி தோண்டியதை எட்டிப் பார்த்திருக்கிறேன். ஒரு சாண் ஆழத்தில் ஒரு மணி கிடைத்தது. மிளகு அளவு, சிவப்பு. வேலை பார்த்த அம்மா ஒருவர் அதை உள்ளங்கையில் வைத்துக் காட்டிவிட்டு மறுபடி காகிதப் பொட்டலத்தில் போட்டார்.

ஆகவே தொழில் செய்ததாலோ வெளிநாட்டுக்கு விற்றதாலோ ஆறு கெட்டது என்று நான் சொல்லவில்லை. ஏற்றுமதி எங்கள் ரத்தத்தில் இருக்கிறது. மணி செய்தவர்கள் மண்ணில் விட்டுப் போனது மணியும் இரும்புக் கசடும். அது அதே இடத்தில் கிடக்கிறது, அதன் மேல் சோளம் விளைந்தது. நாங்கள் விட்டது தண்ணீரோடு நகர்கிறது. ஒரு தலைமுறையில் செய்துவிட்டு இதை நாகரிகம் என்றும் அதைப் பழங்காலம் என்றும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

20 நவம்பர்

மேலே "எங்கள் ரத்தத்தில்" என்று எழுதியது கொஞ்சம் அதிகம்தான். இருக்கட்டும், அழிக்கவில்லை.

26 நவம்பர்

நான் அனுப்பிய டி-ஷர்ட்கள் எல்லாம் இப்போது எங்கே இருக்கும் என்று ஒருவர் கேட்டிருந்தார். சும்மா கேட்டாரோ என்னவோ, ஒரு வாரம் என்னைத் தூங்கவிடவில்லை.

நல்ல நிலையில் கொடுத்தது கானா நாட்டில் அக்ரா நகரத்தின் காந்தமாந்தோ சந்தைக்குப் போயிருக்கலாம். அங்கே வந்திறங்கும் பழைய துணிக்கு அந்த ஊர் மொழியில் "செத்துப்போன வெள்ளைக்காரர் துணி" என்ற பொருளில் ஒரு பெயர். இவ்வளவு நல்ல துணியை உயிரோடு இருப்பவர் தூக்கிப்போட மாட்டார் என்று அவர்கள் நினைத்த காலத்தில் வைத்த பெயராம். இப்போது மூட்டையைப் பிரித்தால் விற்க முடியாததே நிறைய வருகிறது. அது சாக்கடைக்கும் கடற்கரைக்கும் போகிறது. சிலி நாட்டில் இக்கிகே துறைமுகத்தில் இறங்கி விற்காமல் போனது பக்கத்து அட்டகாமா பாலைவனத்தில் மலையாகக் குவிந்தது. விலைச்சீட்டோடு கிடக்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். நம்ம நாட்டிலேயே பானிபட்டுக்கு வந்தது கிழிபட்டு நூலாகிப் போர்வையாகியிருக்கலாம். மூன்றில் அது ஒன்றுதான் எனக்குக் கொஞ்சம் நிம்மதி தருகிறது.

அட்டகாமா படத்தில் ஒரு கருநீல டி-ஷர்ட் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன், கழுத்துப் பட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியவில்லை. தெரிந்து என்ன செய்யப் போகிறேன் என்று மூடி வைத்தேன். மழையே பெய்யாத இடம் அது. அந்தத் துணிக்குள் ஏறிய சாயத்துக்கு வேண்டி, மழை பெய்கிற ஊரில் தண்ணீர் உப்பானது.

10 டிசம்பர், ஞாயிறு

ஊருக்குப் போயிருந்தேன். அப்புச்சி போய் ஒன்பது வருடம் ஆகிறது, தோட்டத்தை மாமா பார்க்கிறார். மழை பெய்திருந்ததால் ஆற்றில் தண்ணீர் ஓடியது. பாலத்தில் நின்று பார்த்தோம். கலர் இல்லை. மதகுப் பக்கம் கொஞ்சம் நுரை இருந்தது. கோயம்புத்தூர், திருப்பூர்ச் சாக்கடை எல்லாம் இதில்தான் சேர்கிறது, அதனால் நுரையைப் பட்டறைக் கணக்கில் எழுதிவிட முடியாது. ராத்திரியில் யாராவது திறந்துவிட்டார்களா என்றால் மாமா தோளைக் குலுக்கினார்.

தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை மகள் கையில் கொடுத்திருந்தேன். பேனா மாதிரி இருக்கும், முனையைத் தண்ணீரில் விட்டால் எண் வரும். கிணற்றில் வாளி இறக்கி மாமா தூக்கிக் கொடுத்தார். தண்ணீர் அப்படியே வாளியின் அடி தெரிகிற மாதிரி தெளிவு. மீட்டர் 1,910 காட்டியது.

"எத்தன வந்தா குடிக்கலாம்?" என்று மாமாவைக் கேட்டாள்.

"ஐநூறுக்குள்ள இருந்தா நல்லதுன்னு சொல்றாங்க கண்ணு. வேற வழியே இல்லைன்னா ரெண்டாயிரம் வரைக்கும்."

"அப்ப இது குடிக்கலாமா?"

மாமா பதில் சொல்லாமல் மோட்டார் ரூமைக் காட்டினார். உள்சுவரில் கரியால் எழுதி வைத்திருக்கிறார். 2014லிருந்து, ஒவ்வொரு வருடமும் மழைக்கு அப்புறம் ஒரு எண், கோடைக்கு ஒரு எண். முதல் வரி 3,480. நடுவில் ஒரு நல்ல மழை வருடத்தில் 1,700. அடுத்த கோடையில் மறுபடி 2,600. இறங்குகிறது, ஏறுகிறது. மொத்தத்தில் பார்த்தால் இறங்கத்தான் செய்கிறது. பட்டறைகளை மூடியதும் திருத்தியதும் வீண் போகவில்லை என்பதற்கு அந்தச் சுவர் எனக்குப் போதும். இன்னும் எத்தனை வருடம் ஆகும் என்பதையும் அந்தச் சுவரில் ஓரளவு பார்க்கலாம்.

கிளம்பும்போது மாமா ஒரு கரித்துண்டை மகளிடம் கொடுத்தார். கறுப்புச் சுடிதாரில் கரி படாமல் கையை நீட்டி, சுவரில் கடைசி வரிக்குக் கீழே 2023 டிசம்பர், 1,910 என்று எழுதினாள்.